பழைய புகைக்குழாய்கள்: சேர்க்கிறவர்களும் துலக்குகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

பழைய பைப்புகளைச் சேர்த்துத் துலக்க ஆரம்பித்து வருடங்கள் ஓடிவிட்டன. பார்க்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் மாறவே இல்லை. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்ததால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை வைக்கும் குழிவான பகுதி கிண்ணம். அதிலிருந்து நீளும் பகுதி கழுத்து. வாயில் வைக்கும் தனிப் பகுதி ஸ்டெம். ஸ்டெம்மின் ஒரு முனை கழுத்துக்குள் நுழையும் முளை. மறுமுனையில் பல்லுக்குப் பிடிமானமாக இருக்கும் மேடு பட்டன்.

நீங்களே புகை பிடிக்க மாட்டீங்க. அப்புறம் எதுக்கு இந்தப் பைப்பெல்லாம்?

பூட்டு சேர்க்கிறவர் எல்லாம் கதவு பூட்டவா சேர்க்கிறார்? ஒரு சாண் நீளப் பொருளுக்குள் மரக்கடைசல், கல் செதுக்கல், வெள்ளி வேலை, ரப்பர் வேதியியல் என்று நாலு தொழில் அடங்கியிருக்கிறது. எனக்கு அது போதும்.

பைப் சிகரெட்டை விடப் பாதுகாப்பானது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் இதுவும் காரணம்தான். கீழே நான் சொல்லும் வேலைகள் எல்லாம் அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காக. பசை, கரித்தூள் என்று நான் சொல்கிற சில பொருட்கள் வாயில் படக்கூடியவையே அல்ல.

பரண்ல ஒரு பழைய பைப் கிடைச்சுது. எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, மெல்லிசாக, சாக்பீஸ் போல இருந்தால் களிமண். இதுதான் ஐரோப்பியப் பைப்புகளில் மூத்த வகை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பரவியது, பிறகு நெதர்லாந்தின் கௌடா நகரம் இதற்கே பேர்போனது. பளபளப்பாக, படம் வரைந்த பீங்கான் கிண்ணமும் நீண்ட கழுத்தும் இருந்தால் பெரும்பாலும் ஜெர்மன் பகுதிகளைச் சேர்ந்தது.

வெள்ளை அல்லது தேன் நிறத்தில், பார்வைக்குக் கல் போலவும் கைக்குப் பஞ்சு போலவும் இருந்தால் அது மீர்ஷாம். செப்பியோலைட் என்ற கனிமம், மெக்னீசியம் சிலிகேட் வகை. நல்ல தரமானது துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கிறது. ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்குக் கடல்நுரை என்று பொருள். காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும் என்பதைப் பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் பைப்பைத் தண்ணீரில் போட்டுச் சோதித்துவிடாதீர்கள். ஏன் என்று மீர்ஷாம் கேள்வியில் வருகிறது.

மரமாக இருந்தால், பத்துக்கு ஒன்பது முறை பிரையர்.

பிரையர்னா ரோஜாச் செடியோட வேர்தானே?

இல்லை. ஆங்கிலத்தில் முட்செடிக்கும் இதே பெயர் இருப்பதால் வந்த குழப்பம். பைப்புக்கான பிரையர் எரிகா ஆர்போரியா என்ற புதர்மரத்தினுடையது. பிரெஞ்சில் புரூயேர் என்பார்கள். அது திரிந்துதான் பிரையர் ஆயிற்று. மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட மலைச்சரிவுகளில் வளரும். தண்டும் வேரும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் ஒரு முண்டு வளரும். அதைத்தான் தோண்டி எடுக்கிறார்கள். நீரும் தாதுவும் சேமிக்கும் பகுதி என்பதால் அடர்த்தி அதிகம், லேசில் தீப்பிடிக்காது.

முண்டை வெட்டி, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை வெளியேற்றி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைசலுக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஜூரா மலையடிவாரத்தில் இருக்கும் செயிண்ட் குளோட் ஊர் இந்தத் தொழிலின் தலைநகரானது. ஆக, பிரையர் பைப் ஒன்றை 1700ஆம் வருடத்துப் பொருள் என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எத்தனை வருஷத்துப் பழசுன்னு தேதி போட்டிருக்காதா?

நேராகப் போட்டிருக்காது, ஆனால் தடயம் இருக்கும். முதலில் கழுத்தின் இரண்டு பக்கமும் செய்தவரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வாக ஒரு விளக்கு, ஒரு லென்ஸ். மேலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலாக எழுந்து நிற்கும். எதையும் துடைக்கும் முன் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

நாட்டின் பெயர் நல்ல துப்பு. அமெரிக்கா 1890இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருட்களில் தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் நாட்டின் பெயர் பொறித்த பைப் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அயர்லாந்துப் பைப்புகள் இன்னும் சுவாரசியம். அந்த நாடே 1922இல் ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட், 1937 அரசியல் சட்டத்தில் ஏர், 1949இல் குடியரசு என்று பெயர் மாறியது. டப்ளினின் பீட்டர்சன் பைப்பில் இவற்றில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே கால எல்லை கிடைத்துவிடும். லண்டன் டன்ஹில் பைப்புகளில் ஒரு காலகட்டத்துக்குப் பிறகு, இங்கிலாந்து என்ற சொல்லை ஒட்டி இருக்கும் சின்ன எண் வருடத்தைச் சொல்லும்.

வெள்ளி வளையம் இருந்தால் இன்னும் நல்லது. ஆங்கிலேய ஹால்மார்க்கில் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே இருக்கும் ஓர் எழுத்து வருடம். ஆனால் அந்த வருடம் வளையத்துடையது. கழுத்து வெடித்தபின் வளையம் போடுவது அந்தக் காலத்திலேயே வழக்கம் என்பதால், பைப் வளையத்தை விட மூத்ததாக இருக்கலாம். ஈ.பி. என்று இருந்தால் வெள்ளி முலாம் மட்டுமே. பக்கத்தில் ஹால்மார்க் போலவே மூன்று பொம்மை முத்திரைகள் அடித்து வைத்திருப்பார்கள், ஏமாற வேண்டாம்.

ஸ்டெம் கழலவே மாட்டேங்குது. இடுக்கி போட்டு இழுக்கலாமா?

கூடாது. பல வருடத் தார் காய்ந்து பசையாகப் பிடித்திருக்கிறது. கழுத்தின் துளை வழியாக இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அல்லது உறையில் போட்டு ஃப்ரீசரில் அரைமணி நேரம் வையுங்கள். ரப்பரும் மரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால் பிடி விடும். அப்புறம் கிண்ணத்தைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடித்து மெதுவாகத் திருகுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. அமெரிக்காவின் கேவுடி போன்ற சில பைப்புகளில் உலோகத் திருகு இருக்கும். பழைய மீர்ஷாமில் எலும்பில் கடைந்த திருகு. இவற்றை இழுத்தால் கையோடு வந்துவிடும், உடைந்து. எந்த வகை என்று தெரியாதவரை இழுக்கவே வேண்டாம்.

கிண்ணத்துக்குள்ள கரி கெட்டியா அப்பியிருக்கு. முழுசாச் சுரண்டிடட்டுமா?

பிரையராக இருந்தால், சுமாராக ஒரு மில்லிமீட்டர் விட்டுவிட்டு மீதியை எடுங்கள். கரி சூட்டில் விரிகிற அளவும் மரம் விரிகிற அளவும் வேறு. தடித்த கரி உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கிண்ணத்தையே வெடிக்க வைத்துவிடும். கிண்ணத்தின் வயிற்றில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல்களில் பாதி இப்படி வந்தவைதான்.

பேனாக்கத்தி வேண்டாம். கத்தி முனை அடியில் ஒரு பள்ளம் தோண்டும், வட்டமான குழி கோணலாகும். விரல் பருமனுள்ள உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் திருப்பினால் போதும். கொஞ்சம் நேரம் பிடிக்கும். மூக்கில் முகமூடி கட்டிக்கொள்ளுங்கள். யாரோ எப்போதோ குடித்த புகையின் தூசி அது. உள்ளே சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டிய சந்தேகம் இருந்தால் மட்டும் மரம் தெரியும் வரை எடுக்கலாம்.

எல்லாம் செஞ்சாச்சு, நாத்தம் மட்டும் போகல.

நாற்றம் கிண்ணத்தில் இருப்பதை விடக் கழுத்தில்தான் அதிகம் இருக்கும். பஞ்சு சுற்றிய கம்பியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து உள்ளே விட்டு எடுங்கள். முதல் கம்பி கன்னங்கரேலென்று வரும், பத்தாவது காப்பிக்கொட்டை நிறத்தில், இருபதாவது வைக்கோல் நிறத்தில். வெள்ளையாக வரும் வரை நிறுத்தக்கூடாது. பீட்டர்சன் 1890இல் காப்புரிமை பெற்ற சிஸ்டம் பைப்பில், ஈரம் சேர்வதற்காகவே கழுத்துக்குள் ஒரு குழி உண்டு. அங்கே தார் கூழாக உட்கார்ந்திருக்கும், காது குடையும் பஞ்சுக்குச்சிதான் அதற்கு ஆயுதம்.

பிறகு கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு ஆல்கஹால் விட்டு ஒரு நாள் விடுங்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது மரத்துக்குள் இருக்கும் தார் பஞ்சுக்கு ஏறும். மறுநாள் பஞ்சு பழுப்பாகியிருக்கும். வெளிப்புறத்தில் ஒரு சொட்டு வழிந்தாலும் சாயம் கரைந்து கோடு விழும். எனக்கு விழுந்திருக்கிறது, கிண்ணத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்த மாதிரி இன்னும் இருக்கிறது. ஆல்கஹாலைச் சூடாக்கி ஆவியைக் கழுத்து வழியாக ஏற்றும் முறையும் உண்டு. திறந்த நெருப்புக்குப் பக்கத்தில் ஆல்கஹால் ஆவி என்பதால் நான் அதைச் செய்வதில்லை, சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

கருப்பா இருக்க வேண்டிய ஸ்டெம் பச்சையும் மஞ்சளுமா ஆயிடுச்சு. பிளீச்ல போட்டா வெளுக்குமாமே?

அது வல்கனைட், எபோனைட் என்றும் சொல்வார்கள். ரப்பரில் கந்தகம் நிறையச் சேர்த்து வேகவைத்துக் கல்லாக்கியது. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறையின் நீட்சி. வெளிச்சமும் ஈரமும் பட்டால் கந்தகம் மேல்பரப்புக்கு வந்து நிறம் மாறும். நாக்கில் பட்டால் தீக்குச்சி மருந்து மாதிரி ஒரு கசப்பு. அக்ரிலிக் ஸ்டெம் இப்படி மாறாது. அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவலானது. ஆக, பச்சை பூத்த ஸ்டெம் ஒரு விதத்தில் வயதுச் சான்றிதழ்.

பிளீச் வெளுக்கும்தான். ஆனால் மாறிய படலத்தை அரித்து எடுத்துவிட்டு, கீழே பரப்பை அம்மைத் தழும்பு போல விட்டுவிடும். கடைசியில் எப்படியும் தேய்க்கத்தான் வேண்டும். அதற்கு முதலிலேயே தேய்த்துவிடலாமே. 400ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஆரம்பியுங்கள். பழுப்புச் சேறு வழியும், ரப்பர் வாசனை வரும். சேறு கருப்பாக மாறும்போது நல்ல பரப்பைத் தொட்டுவிட்டீர்கள். பிறகு 600, 1000, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய தாளின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தாவினால் பளபளப்புக்கு அடியில் அந்தக் கீறல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்டெம்மும் கழுத்தும் சேரும் ஓரத்தில் மட்டும் கவனம். அதை உருட்டிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் படி விழும். பைப்பை மாட்டிக்கொண்டே, கழுத்தில் டேப் ஒட்டித் தேய்ப்பது நல்லது.

ஸ்டெம்ல பல்தடம் ஆழமா இருக்கு. நிரப்பணுமா?

வல்கனைட்டுக்கு ஞாபகசக்தி உண்டு. லைட்டர் சுடரைத் தொடாத தூரத்தில் முன்னும் பின்னும் ஆட்டினால், அழுந்திய பள்ளம் தானாக மேலெழும். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அதே ஞாபகசக்தி காலையும் வாரும்: வளைந்த ஸ்டெம் தொழிற்சாலையில் நேராக இருந்து, பிறகு சூட்டில் வளைக்கப்பட்டது. சூடு மிஞ்சினால் அது பழைய நேர்கோட்டுக்கே திரும்பப் பார்க்கும். திரும்ப வளைக்க நேர்ந்தால் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு வளையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைந்துவிடும்.

எழாத மீதிப் பள்ளத்தைக் கரித்தூள் கலந்த சூப்பர் குளூவால் நிரப்பித் தேய்க்கலாம். அக்ரிலிக்கில் சுடர் வித்தை பலிக்காது. அதை ஆல்கஹாலில் ஊறப்போடவும் கூடாது, மயிரிழை விரிசல் விடும்.

விளிம்பு கருகி மேடு பள்ளமா இருக்கு. தேய்ச்சுச் சமமாக்கிட்டா அழகா இருக்குமே?

முதலில் அது கருகலா, தார்ப் படிவா என்று பாருங்கள். பெரும்பாலும் படிவுதான். ஈரப் பஞ்சால் பொறுமையாகத் துடைத்தாலே அடியில் நல்ல மரம் தெரியும். எச்சில் இதற்கு நல்ல கரைப்பான் என்பது பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கருகியது நிஜமென்றால், தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாளை வைத்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தேய்ப்பார்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கிண்ணத்தின் உயரம் குறைகிறது, வடிவம் மாறுகிறது. அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் நான் கருகலோடேயே விட்டுவிடுவேன்.

அழுந்திய குழிகளுக்கு ஈரத்துணியை வைத்துச் சூடான கத்தி முதுகால் அழுத்தினால், ஆவியில் மரம் உப்பி மேலே வரும். முத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள். முத்திரையும் அழுந்திய குழிதான், அதுவும் உப்பிவிடும்.

மெஷின்ல பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடுமா?

ஆகும், அதுதான் பிரச்சினை. ஆரம்ப நாட்களில் ஒரு பைப்பைத் துணிச் சக்கரத்தில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முத்திரையில் ஏழு எழுத்துக்குப் பதில் நாலரை எழுத்து. இன்றைக்கு அந்தப் பைப்பை யார் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மட்டும்தான் தெரியும், அதற்கும் என் வாய்ச்சொல் தவிர ஆதாரம் கிடையாது.

இப்போது முத்திரைப் பக்கம் சக்கரத்தைக் காட்டுவதே இல்லை. மற்ற இடங்களில் கார்னாபா என்ற பனைமர மெழுகு, முத்திரைமேல் கையால் மெல்லிசாக மெழுகு, மென்மையான துணி. அவ்வளவுதான்.

மீர்ஷாமை சோப்புத் தண்ணியில கழுவலாம்தானே?

கடற்பஞ்சு மாதிரி உறிஞ்சும் கல் அது. ஊறினால் இளகும், கிண்ணத்தில் கீறல் விழும். லேசாக ஈரமான துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பிரையருக்குச் சொன்ன ஆல்கஹால் ஊறல் இதற்குப் பொருந்தாது. கரிக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கும் இங்கே இல்லை. மீர்ஷாமில் கரியே தேவையில்லை, மெதுவாக முழுவதும் எடுத்துவிடலாம்.

வெளியே படர்ந்திருக்கும் தேன் நிறத்தை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். செய்யும்போதே தேன்மெழுகில் முக்கி எடுத்த கல் அது. புகைச் சாறு உள்ளிருந்து ஊறி, மெழுகோடு சேர்ந்து பல வருடத்தில் ஏறிய நிறம். சேர்க்கிறவர்கள் தேடுவதே அதைத்தான்.

ஸ்டெம் நிஜமான அம்பர்னு சொல்றாங்க. எப்படிச் சோதிக்கிறது?

அம்பர் என்பது மண்ணில் புதைந்து கெட்டியான பழங்கால மரப்பிசின். ஸ்டெம்மைத் தனியாகக் கழற்ற முடிந்தால், இனிக் கரையாது என்னும் வரை உப்புக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். அம்பர் மிதக்கும். அம்பர் போலச் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக் வகைகளான பேக்கலைட், செல்லுலாய்டு, கேசின் மூழ்கும். மிதப்பதெல்லாம் அம்பர் என்று அர்த்தமில்லை: இளம் பிசினான கோபாலும் மிதக்கும், தூள் அம்பரை அழுத்திச் செய்ததும் மிதக்கும். ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். விடை கிடைக்கும், கூடவே ஓட்டையும் கிடைக்கும். ஆல்கஹால் அம்பர்மேல் படக்கூடாது.

களிமண் பைப் துண்டுகள்தான் கிடைச்சுது, முழுசா ஒண்ணுமே இல்ல. தூக்கிப் போட்டுடலாமா?

போட்டுவிடாதீர்கள், தொல்லியலாளர்களுக்குச் செல்லப்பிள்ளை அவை. மலிவான பொருள், சட்டென்று ஒடியும், ஒடிந்ததை உடனே வீசிவிடுவார்கள். அதனால் ஒரு மண்ணடுக்கில் கிடைக்கும் துண்டு, அந்தக் காலத்தை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். கிண்ணம் கிடைத்தால் அளவைப் பாருங்கள்: புகையிலை விலையேறிய பொருளாக இருந்த தொடக்க காலத்தில் கிண்ணம் சுண்டுவிரல் நுனி மட்டும் நுழையும் அளவுதான்.

கழுத்துத் துண்டு மட்டும் கிடைத்தாலும் துளையை அளக்கலாம். ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1954இல் கவனித்த விஷயம் இது: 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குலத்தில் 64இல் 9 பங்காக, அதாவது சுமார் மூன்றரை மில்லிமீட்டராக இருந்த துளை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 64இல் 4 பங்காக, ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. கழுத்து நீளமாக ஆக, துளையும் மெலிந்தது. டிரில் பிட்டுகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாலே அளவு தெரியும். ஒரே ஒரு துண்டை வைத்து வருடம் சொல்லிவிடாதீர்கள். நிறையத் துண்டுகளின் சராசரிக்குத்தான் இந்தக் கணக்கு. ஆற்றங்கரையிலோ பழைய இடங்களிலோ பொறுக்குவதாக இருந்தால் அனுமதி வேண்டும். லண்டன் தேம்ஸ் கரையில் தேடக்கூட உரிமம் கட்டாயம்.

கழுத்துல விரிசல். பசை போட்டா போதுமா?

போதாது, ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல் முடியும் நுனியை லென்ஸில் கண்டுபிடித்து, அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னதாக ஒரு துளை போடுங்கள். விரிசல் அந்த வட்டத்தில் வந்து நின்றுவிடும். பிறகு மெல்லிய பசை, அதன்மேல் உலோக வளையம். வளையம் முத்திரையை மறைக்கும் என்றால் நான் வளையம் போடமாட்டேன், ஸ்டெம்மை மாட்டாமல் தனியாக வைத்துவிடுவேன்.

வெள்ளைப் புள்ளி இருந்தா டன்ஹில்தானே?

புள்ளி இருப்பது ஸ்டெம்மில், கிண்ணத்தில் இல்லை. ஸ்டெம்மின் எந்தப் பக்கம் மேலே என்று தெரிவதற்காக டன்ஹில் பைப்புகளில் 1910களில் வந்த அடையாளம். ஸ்டெம்மை மாற்றுவது இரண்டு நிமிட வேலை; கழுத்தின் முத்திரை பொருந்தாமல் புள்ளி மட்டும் இருந்தால் அது இரண்டு பைப்புகளின் கல்யாணம். முளையின் தோளும் கழுத்தின் வாயும் விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒளி நுழையாமல் சேர்கின்றனவா, இரண்டின் விட்டமும் விரல் நகத்துக்குத் தட்டாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். மாற்று ஸ்டெம் என்பதாலேயே பைப் மட்டம் ஆகிவிடாது, அதைச் சொல்லாமல் விற்பதுதான் மட்டம்.

தந்தத்துல செஞ்ச பாகம் இருக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

விசாரிக்காமல் அனுப்பவே கூடாது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், ஆப்பிரிக்க யானையை 1989இல் சேர்த்தார்கள். பழம்பொருளுக்கான விலக்கு நாட்டுக்கு நாடு வேறு, சில இடங்களில் விலக்கே இல்லை. எலும்பா தந்தமா என்று முதலில் பாருங்கள்: எலும்பில் கரும்புள்ளிகளும் சின்னக் கோடுகளும் தெரியும், தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் ஓடும்.

நான் செஞ்ச ரிப்பேரையெல்லாம் வாங்குறவர்கிட்ட சொல்லணுமா? சொன்னா வாங்க மாட்டாரே.

சொல்ல வேண்டும். நான் ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் மடித்து வைத்துவிடுவேன். கடைசியாக எழுதியது இது: ஸ்டெம் தேய்க்கப்பட்டது, பட்டனுக்குக் கீழே இடப்பக்கம் பசை நிரப்பல், விளிம்பு தொடப்படவில்லை, வளையம் நான் வாங்கும்போதே இருந்தது, வலது கன்னத்தில் இருக்கும் கோடு என் கைத்தவறு. வாங்கியவர் அதைப் படித்துவிட்டு, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனார்.